ராயபுரத்திலிருந்து செஞ்சிக்கு: மலை உச்சியில் தண்ணீர் வைத்திருந்த கோட்டை

வெள்ளி இரவு, செஞ்சி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் மொத்தம் 12 கோட்டைகள், அதில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. அந்தச் செய்தி டிவியில் வந்ததிலிருந்து சித்தப்பா விடவில்லை. அவர் பிறந்தது வந்தவாசிப் பக்கம், துறைமுகத்தில் வேலை கிடைத்து ராயபுரத்துக்கு வந்தவர், ரிடையர் ஆகியும் இங்கேயேதான் இருக்கிறார். ஆனால் தேசிங்கு ராஜன் கதையை ஆரம்பித்தால் இன்றைக்கும் கூத்துக்காரர் மாதிரியே குரல் ஏறும். "டிவில பாத்தா போதுமா? ஏறிப் பாக்க வேணாமா?" என்று கேட்டுக்கேட்டே என்னையும் தம்பியையும் கிளப்பிவிட்டார்.

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ். வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஊரைத் தாண்டுவதே பாதிப் பயணம், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திண்டிவனம் தாண்டியதும் பாறைக் குன்றுகள் வர ஆரம்பிக்கின்றன, பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தது போல. செஞ்சியில் இறங்கும்போது இருட்டிவிட்டது, மலை தெரியவில்லை. நாளைக்கு விடிந்ததும் ராஜகிரி.

சனி மதியம், ராஜகிரி இறக்கத்தில் ஒரு மரத்தடி

கோட்டை என்றால் ஒரு மலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஒரு மதில். ஒவ்வொரு மலையும் தனித்தனியாகவும் ஒரு கோட்டை. திருவண்ணாமலை போகிற பஸ் ரோடு இந்த மதிலை ஊடுருவித்தான் போகிறது, எத்தனையோ பேர் கோட்டைக்குள் புகுந்து வெளியே போகிறோம் என்று தெரியாமலேயே தூங்கிக்கொண்டு கடந்து போயிருப்பார்கள். அகழி 80 அடி அகலம், மதில் சில இடங்களில் 60 அடி கனம். 60 அடி கனத்துக்கு மதில் எதற்கு என்று தம்பி கேட்டான். வெளிப்பக்கமும் உள்பக்கமும் கல் கட்டி நடுவில் மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பினால் பீரங்கிக் குண்டு புதைந்து நிற்குமே தவிர மதிலைத் துளைத்துக்கொண்டு போகாது. மதிலின் மேலேயே வண்டி ஓட்டலாம், அவ்வளவு அகலம்.

முதலில் கோட்டை கட்டியவர் ஆனந்தக் கோன் என்று சொல்லப்படுகிறது, காலம் 1200-ஐ ஒட்டி. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயர்தான் கிருஷ்ணகிரிக்கு. ஆடு மாடு மேய்த்த கோனார் குலத்திலிருந்து எழுந்த தலைவர்கள் அவர்கள். அப்புறம் விஜயநகரமும் அவர்களுடைய நாயக்கர்களும், 1649-இல் பிஜாப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். இன்று நாம் பார்க்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை நாயக்கர் காலத்தவை.

வாசலைக் கடந்து உள்ளே வந்தால் கல்யாண மகால். சதுரமான முற்றம், சுற்றிலும் சிறு அறைகள், நடுவில் எட்டு அடுக்குக் கோபுரம், மேலே கூம்பு. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள். நான் நின்றதற்குக் காரணம் வேறு. வெளியே இருக்கும் குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் பதித்துத் தண்ணீரை இங்கே கொண்டுவந்து, கோபுரத்தின் மேல் தளங்கள் வரைக்கும் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது. குளம் உயரத்தில், கட்டடம் தாழ்வில், தண்ணீர் தானாகவே தன் மட்டத்தைத் தேடி ஏறும். எங்கள் தெருவில் முதல் மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் கீழேயிருந்து குடம் தூக்குகிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அதனால் அந்தக் குழாய்ச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தக் கோட்டையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எங்கே போனாலும் தண்ணீர் எங்கே, எங்கிருந்து வருகிறது, எங்கே சேர்த்துவைத்தார்கள் என்றுதான் கண் போனது.

பக்கத்திலேயே ஆனைக்குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக்கூடம், நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குள் போய் நின்று பாருங்கள், பேசினால் குரல் சுழன்று திரும்பி வரும். சுவர் தடிமனும் வளைந்த கூரையும் பார்த்தால் அந்தக் காலத்தில் எவ்வளவு நெல்லைப் போட்டு வைத்திருப்பார்கள் என்று மலைப்பாக இருக்கிறது.

ஏற்றம் சுமார் 800 அடி. படிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் உயரம் சீராக இருக்காது, முழங்கால் வலி இருக்கிறவர்கள் காலையிலேயே தொடங்கி நிதானமாக ஏறினால் போதும். சித்தப்பா அப்படித்தான் ஏறினார். "சித்தப்பா, மெதுவா வாங்க" என்றால் "நீ முன்ன போ கண்ணு, நான் பாத்துக்குறேன்" என்கிறார். வாசல் மேல் வாசலாக வருகிறது, எதுவும் நேருக்கு நேராக இல்லை. ஒவ்வொன்றிலும் உள்ளே நுழைந்ததும் வலதுபக்கமோ இடதுபக்கமோ திரும்பியாக வேண்டும், மேலே நிற்கிறவன் கல் போட்டாலே போதும். யானையை ஓடவிட்டுக் கதவை இடிக்கிற வேலை இங்கே நடக்காது, யானைக்கு ஓடிவர இடமே கிடையாது.

பாதி மலையில் கமலக்கன்னி அம்மன் கோயில். மலையைக் காக்கிற கன்னிமார் எழுவரில் ஒருத்தி என்பார்கள். இந்த ஊருக்கே பெயர் தந்த செஞ்சியம்மனும் அந்த எழுவரில் ஒருத்திதான். ராஜாக்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், பூசை இன்னும் நடக்கிறது, வருஷா வருஷம் திருவிழாவும் நடக்கிறது. சித்தப்பா அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் மேலே வந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரும் பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவை இன்னும் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மரப்பாலம், எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடலாம், அவ்வளவுதான், மலை தனித் தீவாகிவிடும். இப்போதும் சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது, அதில் நடந்துதான் கடைசி வாசலுக்குப் போக வேண்டும். தம்பி நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

உச்சியில் ரங்கநாதர் கோயில், காவல் கோபுரம், கஜானா, இன்னொரு களஞ்சியம், ஒரு பீரங்கி. அப்புறம் நான் தேடியது: சுனை. இவ்வளவு உயரத்தில், நாலு பக்கமும் மொட்டைப் பாறையாக இருக்கிற இடத்தில் வற்றாத சுனை. அதோடு மழைத் தண்ணீர் ஓடி வந்து நிற்கும்படி பாறைச் சரிவில் கட்டிய தொட்டிகள். பாலத்தை எடுத்துவிட்டு, களஞ்சியத்தில் நெல், சுனையில் தண்ணீர், இனி எத்தனை மாதமானாலும் உட்காரலாம்.

உட்கார்ந்தும் இருக்கிறார்கள். 1689-இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், சம்பாஜியின் தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்தார். கொஞ்சநஞ்ச காலம் இல்லை, பல வருஷம் மராத்திய அரசின் தலைநகரமே செஞ்சிதான். 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து முற்றுகை போட்டார். அது 1698 தொடக்கம் வரை இழுத்தது. நடுவில் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் குதிரைப்படையோடு வெளியிலிருந்து வந்து முகலாயர் முகாமுக்கு வருகிற தானியத்தை மறித்துவிட்டார்கள். முற்றுகை போட்டவனே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டான். அதே சமயம் ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேசுகிறார் என்று தெரிந்து, சொந்த இளவரசனையே அவர்கள் கைது செய்ய வேண்டியதாயிற்று. 1693 ஜனவரியில் சுல்பிகார் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, "எங்க ஊருக்குத்தான் ஓடியாந்தானா!" அப்புறம் மீண்டும் வந்து முற்றுகை தொடர்ந்து கடைசியில் கோட்டை விழுந்தது, ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பி வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தச் சண்டைக்கு நடுவே நம்ம சென்னை வருகிறது. போருக்குப் பணம் வேண்டியிருந்தது, 1690-இல் செஞ்சி தர்பார் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையைச் சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். அதற்கும் முன்னால், தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு 1677 அக்டோபரில் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருப்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் படித்திருப்போம். செஞ்சியைப் பிடித்ததும் அதே வருஷம்தான்.

சனி இரவு, செஞ்சி

மாலையில் கீழ்க்கோட்டை. வெங்கடரமணர் கோயிலுக்குப் பெரிய ராஜகோபுரம், உள்ளே நடந்தால் மண்டபங்களில் தூண்கள் போதவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். எவ்வளவு பேர் அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று படம் எடுத்திருப்போம். இங்கே வந்து காலி மண்டபத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சாதத்துல்லா கான் மசூதி 1717-18-இல் கட்டியது, பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. இந்தச் சாதத்துல்லா கான்தான் ஆற்காட்டு நவாப், தேசிங்கோடு சண்டை போட்டவர். தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் முகலாயரின் கோட்டைத் தலைவராக இருந்து 1714-இல் இறக்க, மகன் பொறுப்பேற்றார். நவாப் கப்பப் பாக்கி கேட்டார், இவர் தர மறுத்தார். சில நூறு குதிரைவீரர்களை வைத்துக்கொண்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து 1714 அக்டோபர் 3 அன்று களத்தில் இறந்தார். ஆண்டது பத்து மாசம்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட நாயக்கர்களில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத கிராமத்தில், பத்து மாசம் ஆண்ட இந்தப் பையனுக்கு விடிய விடியக் கூத்து நடக்கிறது.

செட்டிக்குளக் கரையில் உட்கார்ந்து சித்தப்பா மிச்சத்தைச் சொன்னார். தேசிங்கைத் தகனம் செய்தது இந்தக் குளக்கரையில் என்பது வழக்கு. அவருடைய நண்பன் மகமத்கான் கல்யாண மேடையிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்தான், நீலவேணிக் குதிரை களத்தில் விழுந்தது, ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. ஒரு இந்து ராஜாவுக்கு ஒரு முஸ்லிம் தோழன், இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே களத்தில். ஊர்க்காரர்கள் முந்நூறு வருஷமாக இந்த நட்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. மலையடிவாரத்தில், பாறையில் விழுகிற மழையெல்லாம் வடிந்து சேருகிற இடம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, நாங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்றதை தம்பி ஞாபகப்படுத்தினான். பக்கத்தில் 'கைதிக் கிணறு' என்று ஒரு பெரிய பாறை, மேலே துவாரம். மரண தண்டனைக்காரர்களை உள்ளே தள்ளிப் பட்டினி போடுவார்களாம். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

ஞாயிறு மாலை, கிருஷ்ணகிரி, சிங்கவரம்

ரோட்டுக்கு வடக்கே கிருஷ்ணகிரி. ஊரில் ராணிக் கோட்டை என்பார்கள், ராஜகிரியைவிட உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. எனக்கு ராஜகிரியைவிட இதுதான் பிடித்தது என்று தயங்காமல் சொல்வேன். மேலே இரண்டு கோயில்கள், களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேர்த்துவைத்த கிணறுகள், அப்புறம் குவிமாடம் வைத்த ஒரு மண்டபம். அந்த மண்டபத்தில் காற்று நாலு பக்கமும் வருகிறது. உச்சி வெயிலில் ஏறிவந்த வேர்வை அஞ்சு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. சுவரில் பேர் கீறி வைத்திருக்கிறார்கள், இதயம் வேறு வரைந்து அம்பு விட்டு. முந்நூறு நானூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு அது, ஒருமுறை போனால் திரும்ப வராது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேலே உட்கார்ந்து எதிரே ராஜகிரியைப் பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் குடைந்தது. ஏழெட்டு வருஷம் முகலாயப் பெரும்படைக்கு எதிராக நின்ற கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே ராத்திரியில் பிடித்தார். கீழ்க்கோட்டை வாசலை வெடி வைத்துத் தகர்த்து, இருட்டிலேயே மலை ஏறி, விடியும்போது மூன்று மலையும் அவர் கையில். நெல்லும் அதே, சுனையும் அதே, மதிலும் அதே. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அந்த இடத்துக்காகச் சாக வேண்டும் என்ற அவசியம் இல்லை, அப்போதுதான் ஒரு சண்டையில் தோற்று உள்ளே ஓடிவந்த படை அது. எவ்வளவு தண்ணீர் சேர்த்து என்ன, வாசலில் நிற்கிறவன் நிற்க வேண்டும்.

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் பத்து வருஷம் இங்கே இருந்தார்கள், அவர்களில் சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம். உடம்புக்கு ஆகாத இடம் என்றே இதற்குப் பேர் இருந்தது. பராமரிப்பு நின்றால் அதே குளம், அதே அகழி கொசு வளர்க்கிற இடமாகிவிடும், வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒரு மழைக்காலம் இருந்தால் போதும்.

1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக்கு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். அப்போது கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், பிரெஞ்சுப் படையிடம் சிக்கிச் சூறையாடப்பட்டது. வெள்ளையர் கோட்டைக்குள் பத்திரமாக இருந்தார்கள், நம்ம ஆட்கள் மதில் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது, ஏப்ரல் 5 அன்று செஞ்சியில் இருந்த பிரெஞ்சுப் படை ஸ்டீபன் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கேப்டனிடம் சரணடைந்தது. இதற்கெல்லாம் அப்புறம்தான் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். அந்த மதிலின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற மாடிப் பூங்கா. தம்பி சின்ன வயதில் கிரிக்கெட் பந்து தேடி அதன் மேல் ஏறி ஓடியவன். செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் எங்கள் தெருக்கோடியில் அந்த மதில் எழுந்ததும் ஒரே யுத்தத்தின் கணக்கு என்று கிருஷ்ணகிரி மண்டபத்தில் உட்கார்ந்து சொன்னபோது, அவன் போனில் மாடிப் பூங்காவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எதிரே மதிலையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹைதர் அலி 1780-இல் செஞ்சியைப் பிடித்ததோடு இங்கே சண்டைக் கதை ஏறக்குறைய முடிகிறது.

இறங்கி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் சிங்கவரம். குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர், மலைப்பாறையிலேயே செதுக்கியது. தேசிங்கு போருக்குக் கிளம்புமுன் இங்கே வந்து உத்தரவு கேட்டதாகவும், சாமி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை. சித்தப்பா ரொம்ப நேரம் நின்று கும்பிட்டார்.

திங்கள், திருநாதர்குன்று, அப்புறம் பஸ்

கிளம்புமுன் திருநாதர்குன்று பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். செஞ்சி ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாறைக்குன்று, மேலே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு வரிசை, ஒவ்வொருவரும் ஒரே அளவு. கோட்டை எழுவதற்குப் பல நூறு வருஷம் முன்பே இங்கே சமணத் துறவிகள் இருந்தார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து இங்கே உயிர் விட்டார் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. பழைய தமிழ்ப் பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்துக் கல்வெட்டு. இந்தக் குன்றுக்கு யாரும் படையெடுக்கவில்லை, பிடித்து வைத்துக்கொள்ள இங்கே எதுவும் இல்லை. எங்களைத் தவிர ஆடு மேய்க்கிற ஒரு அம்மா மட்டும் இருந்தார், "மழ பேஞ்சா அந்தக் குழியில தண்ணி நிக்கும், ஆடு குடிக்கும்" என்று ஒரு பாறைக் குழியைக் காட்டினார்.

போகிறவர்களுக்கு: மலை ஏறத் தண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சுனைத் தண்ணீர் இப்போது குடிக்கிற மாதிரி இல்லை. குரங்குகள் பையைப் பிடுங்கும், சாப்பாடு வெளியே தெரியக்கூடாது. ராஜகிரி ஏற அனுமதிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதனால் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு மலையும் ஏற முடியும்தான், ஆனால் இரண்டும் மனதில் நிற்காது.

பஸ் திண்டிவனத்தில் நிற்கிறது, இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். அடுத்து பாண்டிச்சேரி போக வேண்டும் என்கிறார் சித்தப்பா. அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தவை என்று காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையாவது வைத்திருக்கிறார்களா என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம். இல்லையென்றால் யாரிடம் மனு எழுத வேண்டும் என்று இப்போதே தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.